ஒரு நிமிஷம் சும்மா இருங்க

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லூனாஸ் கோயிலின் பின்புறச் சாப்பாட்டு மண்டபத்தில் வந்திருந்தவர்கள்: பார்வதி அக்கா, அவர் ஓரகத்தி சரோஜா, முட்டை விற்கும் மாரியம்மா, என் அம்மா, எங்கள் தோட்டத்திலிருந்தும் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் வேன் பிடித்து வந்த இன்னும் ஐந்து பெண்கள். மண்டபச் சாவியை வைத்திருந்த கோயில் காவலாளி. கடைசி வரிசையில் நான். வராதவர்கள்: படத்தில் பேசுகிற மூன்று பெண்கள். அவர்களில் ஒருவர் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒருவர் மகள் பிரசவத்துக்கு ஜொகூருக்குப் போய்விட்டார். மூன்றாமவருக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு.

வந்திருந்த ஒன்பது பேரும் ஒரு காலத்தில் அந்தப் படத்தில் பேசியவர்கள்தாம். பிறகு ஒவ்வொருவராகப் போய், என்னை வெட்டிவிடு என்று சொன்னவர்கள். படம் எடுத்தவள் ஒழுங்காக வெட்டியிருக்கிறாளா என்று பார்க்கத்தான் அன்று வந்திருந்தார்கள். நம்பிக்கை இல்லாமல் இல்லை. கண்ணால் பார்த்துவிட்டால் ஒரு நிம்மதி, அவ்வளவுதான்.

படம் எடுத்த அக்கா திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். திரை என்றால் வெள்ளைப் படுக்கை விரிப்பு. வெளிச்சம் வராமலிருக்கப் பழைய திருவிழாப் பேனர்களைத் திருப்பி ஜன்னல்களில் கட்டியிருந்தார். நாற்காலிகள் அறுபது போட்டிருந்தார். அறுபதையும் அவரே தூக்கிப் போட்டார் என்று காவலாளி சொன்னார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை; வெறும் அக்கா என்றே சொல்கிறேன். எழுதலாமா என்று அவரைக் கேட்க வேண்டும். கேட்காமல் ஒன்றையும் செய்யக்கூடாது என்பதுதான் அவரிடம் நான் பார்த்த ஒரே சட்டம். கேட்க இப்போது ஆள் கிடைக்கவில்லை. அவருடைய பழைய எண்ணில் வேறு யாரோ சீனத்தில் பேசுகிறார்கள்.

அவர் எங்கள் தோட்டத்துக்கு முதல் தடவை வந்தது ஒரு வெள்ளைக் கஞ்சில் காரில். பாடாங் மேஹாவுக்கு உள்ளே தள்ளி இருக்கிற செம்பனைத் தோட்டம் எங்களுடையது. வெளி ஆள் கார் வந்தால் லயத்து வீடுகளில் பத்து ஜன்னல் திறக்கும். நாற்பத்தைந்து வயதுப் பெண், ஆண்பிள்ளைச் சட்டை, தலைமுடி கழுத்தோடு வெட்டு, நெற்றியில் பொட்டு உண்டு, கழுத்தில் தாலி இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் அவரைப் பற்றி மூன்று கதைகள் தயாராகிவிட்டன. ஏதோ கட்சி, ஓட்டுக்கு வந்திருக்கிறாள் என்றார்கள். ஏதோ சர்ச், ஜெபக்கூட்டம் போடப் போகிறாள் என்றார்கள். மாரியம்மா மட்டும், சீட்டுப் பணம் எடுத்துக்கொண்டு ஓடியவளைத் தேடி வந்திருப்பாள் என்று உறுதியாகச் சொன்னார்.

மூன்று தடவை வந்தும் அவர் கேமராவை வெளியே எடுக்கவில்லை. பெண்கள் மருந்து அடித்துவிட்டு வரும் நேரமாகப் பார்த்து வருவார். குழாயடியில் அவர்கள் பூட்ஸ் கழுவும்போது பக்கத்தில் குந்தி உட்காருவார். மருந்து என்றால் புல்லுக்கு அடிக்கும் விஷம். அதை எங்கள் தோட்டத்தில் யாரும் விஷம் என்று சொன்னதில்லை. அம்மா இருபத்திரண்டு வருஷமாக மருந்து நிரப்பிய தோம்பை முதுகில் சுமந்து அடிப்பவர். நாலாவது தடவை வந்தபோது கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னதைப் பிற்பாடு எல்லாருமே மனப்பாடமாகச் சொல்வார்கள்.

"நீங்க பேசறத நான் எடுக்கறேன். எடுத்தத ஒங்களுக்குப் போட்டுக் காட்டுவேன். வேணாம்னா வெட்டிருவேன். இன்னைக்கிச் சொன்னாலும் சரி, அஞ்சு வருஷம் கழிச்சு வந்து சொன்னாலும் சரி. ஏன்னு கேக்க மாட்டேன்."

பார்வதி அக்கா சிரித்துவிட்டார். "எங்க வீட்டு ஆம்பள கூட இப்படிச் சொன்னதில்லலா" என்றார். கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

அவர் வேலை செய்யும் விதம் ஒன்று இருந்தது. ஒரு பெண்ணோடு பேச உட்காருவதற்கு முன்பு, வீட்டுக் கதவைச் சாத்தி, எல்லாரையும் இருந்த இடத்தில் இருக்கச் சொல்லி, ஒரு நிமிடம் வெறும் சத்தத்தை மட்டும் பதிவு செய்வார். பேசுவதை வெட்டி ஒட்டும்போது நடுவில் ஓட்டை விழுந்தால் அதை அடைக்க அந்த வீட்டின் சத்தமே வேண்டுமாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சத்தம், ஒன்றை எடுத்து இன்னொன்றில் வைத்தால் ஒட்டாது என்பார். காதில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கையைத் தூக்கி, "ஒரு நிமிஷம் சும்மா இருங்க" என்பார்.

அந்த ஒரு நிமிடம்தான் பெண்களுக்குப் பெரும்பாடு. இருபது வினாடியில் யாராவது களுக் என்பார்கள். மறுபடி ஆரம்பம். "சும்மா இருக்கறதுக்கு எங்களுக்கு எவ சம்பளம் குடுத்தா? பழகலையே" என்று சரோஜா கேட்டது எங்கள் லயத்தில் பழமொழியாகவே ஆகிவிட்டது. இரண்டு மூன்று தடவை முயன்று கடைசியில் ஒரு நிமிடம் தேறும். அது தேறியதும் பேச்சு தானாக வரும் என்பார் அக்கா. அப்படித்தான் வந்தது. பன்னிரண்டு பெண்கள் பேசினார்கள்.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் கல்யாணமும் சாவும் எடுத்தார். கல்யாணத்துக்குக் கேமரா, சாவுக்குக் கைப்பேசி. சாவு வீட்டில் ஒரு மூலையில் நின்று, வெளிநாட்டில் இருக்கிற மகன்களும் மகள்களும் பார்க்க நேரலையாக அனுப்புவார். கல்யாணத்தில் அவரைப் பற்றி எப்போதும் ஒரு புகார் உண்டு. மாப்பிள்ளையை விட்டுவிட்டு அண்டா கழுவுகிறவர்களை எடுக்கிறாள் என்று. "மாப்பிள்ளையத்தான் நூறு போன் எடுக்குதே" என்பார்.

சுங்கைப் பட்டாணியில் நடந்த ஒரு கல்யாணத்தை எனக்கு அவரே சொன்னார். தாலி கட்டுவதற்கு முன் மணப்பெண்ணைத் தனியாகப் பார்த்து, ஒனக்கு எது படத்துல வேணாம் என்று வழக்கம்போல் கேட்டிருக்கிறார். அதற்கு அந்தப் பெண், நான் அழுதா அது வேணாம்க்கா என்றாள். அவள் நிறைய அழுதாள். அத்தனையும் வெட்டிவிட்டு அக்கா படத்தைக் கொடுத்தார். பெண்ணின் தாய் குறுந்தட்டைத் தூக்கிக்கொண்டு அக்கா குடியிருந்த திக்காம் பத்துவுக்கே சண்டைக்கு வந்துவிட்டார். தாய் வீட்டை விட்டுப் போகிற பெண் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்றால் சனம் என்ன நினைக்கும், எப்போது ஓடுவோம் என்று காத்திருந்தாள் என்றல்லவா நினைக்கும், அழுகையைத் திருப்பி வை என்று. அக்கா முடியாது என்றார். அடுத்த மகள் கல்யாணத்தை அவர்கள் வேறு ஆளிடம் கொடுத்தார்கள். இதைச் சொல்லும்போது அவருக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. மழை வந்தது, துணியை எடுத்தேன் என்பது போலச் சொன்னார்.

கோலாலம்பூரிலிருந்து ஓர் அமைப்பு அவர் படத்துக்குப் பணம் தர வந்ததும் அப்படித்தான் முடிந்தது. பேசிய பெண்களிடம் கையெழுத்து வாங்கித் தர வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு மாற்ற முடியாது. அக்கா படிவங்களை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, அன்று மத்தியானமே தபாலில் திருப்பி அனுப்பிவிட்டார்.

முதலில் விலகியது சரோஜா. மகளுக்கு வரன் பார்த்தார்கள். அப்புறம் மாரியம்மா, புருஷன் திரும்பி வந்துவிட்டார். ஒருவர் பேரன் கேலி செய்தான் என்று வெட்டச் சொன்னார், ஒருவர் கனவில் மாமியார் வந்தார் என்றார். காரணங்கள் எல்லாம் எங்களுக்குத்தான் தெரியும். அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. ஒரு மணி முப்பத்து நாலு நிமிடம் இருந்த படம் ஒரு மணியானது, ஐம்பது நிமிடமானது.

பார்வதி அக்கா விலகியதுதான் எனக்கு இன்றும் மனதை உறுத்துகிறது. லூனாஸ் பாசாரில் அக்காவைப் பார்த்து, என்னையும் வெட்டிருங்க என்றாராம். சரிக்கா, சனிக்கிழமை வீட்டுக்கு வர்றேன் என்று அக்கா சொல்லிவிட்டு, அரைக் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். பார்வதி அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து அழுதார்.

"ஏன்னு ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிருவா? வேணாங்க்கா, இருங்கக்கான்னு சொல்லுவான்னு நெனச்சேன். நான் பேசுனது அவ்ளோ மட்டமாவா இருந்திச்சு?"

அம்மா அவருக்குத் தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்தார். கேட்க மாட்டேன் என்று அவள் முதலிலேயே சொன்னாள் அல்லவா என்றார். சொன்னா என்ன, கேக்கறதுதானே என்றார் பார்வதி அக்கா. இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான்.

அடுத்து விலகியது என் அம்மா. அதைச் செய்தது நான்.

எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். பல்கலைக்கழகம் முடித்துப் பதினொரு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். எங்கள் தோட்டக் கம்பெனியின் சுங்கைப் பட்டாணி அலுவலகத்தில் கிராணி வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். தோட்டத்து ஆளுக்குக் கிராணி என்றால் என்ன என்று வெளியாளுக்குப் புரியாது. வெயிலில் நிற்கிறவர்களின் பெயரை நிழலில் உட்கார்ந்து எழுதுகிறவன். என் தாத்தா, அப்பா, அம்மா மூன்று பேரின் பெயரையும் யாரோ ஒரு கிராணி எழுதியிருக்கிறான். கடிதம் வந்த அன்று எனக்குச் சந்தோஷம் ஒரு மணி நேரம் இருந்திருக்கும். அப்புறம் அம்மா அந்தப் படத்தில் பேசியிருக்கிறார் என்ற ஞாபகம் வந்தது.

அம்மா என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. மருந்தைப் பற்றித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். முகமூடி தராதது, கை வெந்தது, கம்பெனியைப் பற்றிய குறைகள். வேறு எதைப் பற்றி அம்மா பேசுவார்? யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு திக்காம் பத்துவுக்குப் போனேன்.

டயர் கடைக்கு மேலே ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரே ஒரு நாற்காலி. அதை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கீழே டயர் கழற்றும் இயந்திரம் சுழலும்போதெல்லாம் தரை நடுங்கியது. சுவரில் பன்னிரண்டு பெயர்களை எழுதி ஒட்டியிருந்தார். விலகியவர்களின் தாளை எடுத்துவிட்டதால் அந்த இடங்களில் சுவர் மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. ஒரு தட்டு, ஒரு கிண்ணம் கவிழ்த்து வைத்திருந்தது. எனக்குத் தண்ணீரை எதில் தருவது என்று அவர் ஒரு கணம் யோசித்ததைப் பார்த்தேன். கிண்ணத்தில் தந்தார்.

அம்மா வெட்டச் சொன்னாங்க என்றேன். பொய். அம்மாவிடம் நான் இன்னும் பேசவே இல்லை.

"அம்மாவே சொல்லட்டும். எனக்குத் தூது வேணாம், தம்பி."

அவர் குரலில் கோபம் இல்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். படி இறங்கும்போதுதான், வந்த இடத்தில் அவரிடம் வேறு ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை என்று தோன்றியது. அந்த அறைக்கு யார் வந்தாலும் எதையாவது திருப்பிக் கேட்கத்தான் வருகிறார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். நேர்முகம், கம்பெனி, பெயர் கெட்டுவிடும், எல்லாம் சொன்னேன். நிறையச் சொன்னேன். அம்மா நிமிரவே இல்லை.

"சரி. சொல்லிடறேன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அக்கா மடிக்கணினியோடு வந்தார். நான் வாசற்படியில் நின்றுகொண்டேன். கதவு திறந்துதான் இருந்தது.

"நீங்க சொல்றீங்களாக்கா?"

"நாந்தான் சொல்றேன்."

அக்கா தலையைத் திருப்பி என்னை ஒரு தடவை பார்த்தார். அவர் வாயில் ஒரு கேள்வி வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. கேட்டுவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் தேயை எடுத்துக் குடித்தார். கேள்வியும் உள்ளே போய்விட்டது.

அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு என்று அவர் சொன்னார். அம்மா பார்க்கிறேன் என்றார். காதில் அந்தப் பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டு, திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி அம்மா மட்டும் பார்க்கும்படி வைத்துவிட்டு, அக்கா வெளியே வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். பதினேழு நிமிடம். எனக்குத் தெரிந்தது அம்மாவின் முகம் மட்டும்தான். முதலில் கூச்சமாக இருந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் ஓர் இடத்தில் சிரித்தார். சும்மா சிரிப்பில்லை, தோள் குலுங்கச் சிரித்தார். என் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். மருந்தைப் பற்றிப் பேசுகிறவர் எதற்குச் சிரிக்கிறார்? கடைசியில் திரையையே பார்த்தபடி, தெரிந்த ஒருத்தி பேசுவதைக் கேட்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

நாலு எட்டு வைத்து உள்ளே போய், அம்மா நானும் கேக்கறேன் என்று சொல்லியிருக்கலாம்.

அழிப்பதை அவர் தன் கையால் செய்வதில்லை. எந்தப் பொத்தான் என்று காட்டினார். அம்மா அழுத்தினார். திரையில் ஏதோ எழுத்து வந்தது. என்னா சொல்லுது என்று அம்மா கேட்டார்.

"நெசமாவான்னு கேக்குது."

"ஆமான்னு சொல்லு."

"நீங்கதான்க்கா சொல்லணும்."

அம்மா மருந்தில் வெந்து தோல் தடித்த விரலால் இன்னொரு தடவை அழுத்தினார். இரண்டாவது பிரதி ஒரு சின்னப் பெட்டியில் இருந்தது. அதுவும் கேட்டது. அதற்கும் ஆமாம் சொன்னார். அன்று எங்கள் வீட்டில் அம்மாவிடம் நிஜமாகவா என்று கேட்டது அந்த இயந்திரம் ஒன்றுதான்.

புறப்படும்போது அக்கா அம்மாவிடம் ஓர் அனுமதி கேட்டார். பேசுவதற்கு முன் எடுத்த அந்த ஒரு நிமிடச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா, அதில் நீங்கள் பேசவில்லை என்று. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "சும்மா இருந்ததுதானே? வெச்சுக்க" என்றார். விலகிய எல்லாரிடமும் அவர் இதையே கேட்டிருக்கிறார். எல்லாரும் இதே போலத்தான் சிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் அலுவலகத்தில் இருந்தபோது அக்காவிடமிருந்து அழைப்பு. உங்க வீட்டு நிமிஷத்துல ஒன் கொரல் ரெண்டு வரி வருது தம்பி, வெச்சுக்கவா, வெட்டவா என்று கேட்டார். என்ன வரி என்றேன். படித்துக் காட்டினார். அதில் ஒன்றும் இல்லை. வெச்சுக்குங்கக்கா என்றேன். கையில் வேலை இருந்தது. யோசிக்கவில்லை.

லூனாஸ் மண்டபத்தில் விளக்கை அணைத்தபோது பெண்கள் ஒரே வரிசையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அறுபது நாற்காலி கிடக்க, ஒன்பது பேரும் ஒட்டிக்கொண்டு. முதலில் செத்துப்போனவர் திரையில் வந்து பேசினார். ஐயோ பாவம் என்று யாரோ சொன்னார்கள். அவர் முடித்ததும் திரை கறுத்தது. படம் நின்றுவிட்டது என்று காவலாளி எழுந்தார். நிற்கவில்லை. மின்விசிறி ஒன்று கடகடவென்று சுற்றும் சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு நாய். கறுப்புத் திரை, சத்தம் மட்டும்.

"ஏய், இது எங்க வூட்டுக் காத்தாடிலா" என்றார் சரோஜா.

அதற்குப் பிறகு மண்டபமே கலகலவென்று ஆகிவிட்டது. ஒவ்வொரு இருட்டு நிமிடமும் வரும்போது யார் வீடு என்று கண்டுபிடித்தார்கள். இது மாரியம்மா வீட்டுக் கோழி. இது தண்ணீர்த் தொட்டி, ரெண்டாவது லயம். பார்வதி அக்காவின் நிமிடத்தில் மழை பெய்தது. தகரக் கூரையில் மழை. பார்வதி அக்கா இருட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை கேட்டார்.

பிறகு எங்கள் வீடு வந்தது. அடுப்பில் கொதிக்கும் கெட்டிலின் மூடி தடதடப்பது முதலில். அப்புறம் மைனா. பத்துப் பன்னிரண்டு வினாடிதான் இருக்கும், ஒரு மோட்டர் வந்து நின்றது. கதவு கிறீச்சிட்டது.

"மா, வெளிய யாரு காடி? சோறு போடு, பசிக்குது."

என் குரல், வாசலில் நின்ற அக்காவின் காரைப் பார்த்து. அதற்கு மேல் ஒரே ஒரு ஷ்ஷ். அது அம்மா. பிறகு நிமிடம் முடியும் வரை மூடி மட்டும் தடதடத்தது.

பெண்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஒம் மவனுக்கு வயித்துப் பாடு பாரேன்" என்று மாரியம்மா அம்மாவின் தொடையில் தட்டினார். அன்பாகத்தான் சிரித்தார்கள். அம்மா திரும்பவில்லை. அந்தப் படத்தில் என் அம்மாவின் இடத்தில் இப்போது பேசுவது நான். அம்மாவிடம் மிஞ்சியது ஒரு ஷ்ஷ்.

படம் முப்பத்து மூன்று நிமிடம். விளக்கைப் போட்டதும் அக்கா முன்னால் வந்து நின்று, இப்பவும் ஏதாச்சும் வெட்டணும்னா சொல்லுங்க என்றார். வாங்க, சாப்பாடு இருக்கு, பசியாறிட்டுப் போலாம் என்று சரோஜா எழுந்தார். அப்போது வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. மாரியம்மா. அவர் நிமிடத்தில் உள்ளறையிலிருந்து ஒரு குறட்டைச் சத்தம் வருகிறதாம், அது புருஷன் வீட்டில் இல்லாத காலத்தில் எடுத்தது, யாராவது கணக்குப் பார்த்துவிட்டால் வம்பு என்றார். மண்டபம் இடிந்து விழும்படி சிரித்தார்கள். அண்ணன் மகன்டி, நைட் ஷிப்டு முடிச்சு வந்து படுத்திருந்தான் என்று மாரியம்மா கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

அக்காவும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு, பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டு மேசையின் ஓரத்திலேயே மடிக்கணினியைத் திறந்து, மாரியம்மாவைக் கூப்பிட்டு அழுத்தச் சொன்னார். படம் முப்பத்து இரண்டு நிமிடமானது. வேன் வந்ததும் எல்லாரும் ஏறிவிட்டார்கள். நான் அம்மாவை மோட்டரில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது அவர் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். உதவிக்குப் போகலாமா என்று நினைத்தேன். அம்மா, போலாம்பா என்றார்.

ஆறு மாதம் கழித்து டயர் கடைக்குப் போனேன். அறையைக் காலி செய்துவிட்டார் என்றார்கள். ஈப்போ பக்கம் அக்காள் வீட்டுக்கு என்றார் ஒருவர், இல்லை சிங்கப்பூர் என்றார் இன்னொருவர். அந்தப் படத்தை வேறு எங்காவது காட்டினாரா என்று தெரியாது. அம்மா என்ன சொன்னார் என்று கேட்கத்தான் போயிருந்தேன். இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

அம்மாவிடம் கேட்டேன். அன்றே, மண்டபத்திலிருந்து திரும்பும் வழியில், செம்பனைக்கு நடுவே மோட்டரை மெதுவாக்கிக்கொண்டு கேட்டேன். மருந்தைப் பற்றியா பேசினீர்கள் என்று.

"மருந்தப் பத்திப் பேச என்னா இருக்கு" என்றார் அம்மா. கொஞ்ச தூரம் போனது. "அது அவகிட்டச் சொன்னது. மொத தடவையாச் சொன்னது. இப்ப ஒனக்குச் சொன்னா அது வேற மாதிரிதான் வரும். விடு."

அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்காமல் இருப்பது மரியாதையா, கைவிடுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அக்காவுக்கு அது மரியாதையாக இருந்தது. பார்வதி அக்காவுக்கு அப்படி இல்லை. அம்மாவைக் கேட்டால் தெரியும்.

நேர்முகத்தில் மேலாளர் என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி. கணினியில் கணக்குப் போட வருமா, சொந்த வண்டி இருக்கிறதா. அம்மா என்ன வேலை செய்கிறார் என்றுகூடக் கேட்கவில்லை. நாலு வருடமாக அங்கே வேலை செய்கிறேன். அந்தப் படத்தைப் பற்றி அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஒருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

முதல் மாதச் சம்பளம் வங்கியில் விழுந்தது. அம்மா கையில் கொடுக்க வேண்டும் என்று லூனாஸ் போய் முழுவதையும் எடுத்து வந்தேன். அம்மா குழாயடியில் பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தார். கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கி, எவ்ளோடா என்றார். பிடித்தமெல்லாம் போக இவ்வளவுதாம்மா என்றேன். அம்மா குந்தியபடியே நோட்டுகளை மடியில் வைத்து, ஈரம் படாமல், இரண்டு தடவை எண்ணினார். ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு வெள்ளி.